இளையவன் எடுக்கட்டும்

பார்க்கக் கூடாது. வேறு எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். தட்டில் கிடக்கும் கருவாட்டைப் பார்க்கலாம், ஏதோ சொல்ல வந்து அதற்குள் செத்துப்போன மாதிரி வாயைத் திறந்து வைத்திருக்கிறது. தவக்காலம் முழுக்க இதே கருவாடு, இதே பட்டாணிக் கஞ்சி, பெயர் மட்டும் கோமகன். எதிர்ச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது, அப்பா காலத்து விரிசல், அதைப் பார்க்கலாம். மேசைக்கடியில் நாய் கிடக்கிறது, அதைக் குனிந்து பார்க்கலாம், ஆனால் குனிந்தால் விலாவுக்குக் கீழே இருக்கும் கட்டி குத்தும், முகம் சுளிக்கும், முகம் சுளித்தால் அதையும் தம்பி எக்பர்ட் பார்ப்பான். மேசை நடுவே ஒரு மரத்தட்டில் இரண்டு மண்கட்டிகள் இருக்கின்றன. வலது பக்கத்து மண்ணைப் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும், ஆனால் ரொம்பவும் பார்த்தால் நடிப்பு என்று தெரிந்துவிடும். இடது பக்கத்து மண்ணைப் பார்க்கவே கூடாது. எங்கள் வழக்கம் இது. தகப்பன் விட்டுப்போன நாட்டை அண்ணன் தம்பி பிரித்துக்கொள்வதானால் மூத்தவன் இரண்டாகப் பிரிக்க வேண்டும், இளையவன் தனக்கு வேண்டியதை எடுக்க வேண்டும். பங்குக்கு ஒன்றாகப் புல்லோடு மண் வெட்டிவந்து சாப்பாட்டு மேசையில் வைப்பார்கள். சாப்பாடு முடிந்து மேசை துடைப்பதற்குள் இளையவன் ஏதாவது ஒன்றின்மேல் கை வைக்க வேண்டும். வைத்தது வைத்ததுதான், பேரரசரே வந்தாலும் மாற்ற முடியாது. நியாயமான வழக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், மூத்தவன் வஞ்சகமாகப் பிரித்தால் அது அவன் தலையிலேயே விடியுமாம். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவனுக்குத் தம்பி இருந்திருக்க மாட்டான். என் தம்பி எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்க்கிறான். அவன் ரொட்டியைப் பார்க்கவில்லை, மண்ணையும் பார்க்கவில்லை. வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அம்மா ஆரம்பித்து வைத்த வினை. ஒரு ஆப்பிள் கிடைத்தால் போதும், "லுடால்ஃப், நீ வெட்டு. எக்பர்ட், நீ எடு" என்பாள். நாட்டுக்கு இருக்கிற சட்டம் வீட்டுக்கும் இருக்கட்டும் என்று அவளுக்கு நினைப்பு. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சரிபாதியாக வெட்டுவேன். எவ்வளவு சரியாக வெட்டினாலும் ஒரு பாதி கொஞ்சம் சிவப்பாக இருக்கும், எனக்கு அதன்மேல் ஆசை விழும், எக்பர்ட்டின் குண்டுக் கை நேராக அதன்மேல்தான் போய் விழும். ஆப்பிள் என்றால் ஆப்பிள், தேன் ரொட்டி என்றால் தேன் ரொட்டி. அப்பா இரண்டு குதிரைக் குட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியபோது கறுப்பைத்தான் ஊரே மெச்சியது. எனக்கு அந்தச் சாம்பல் நிறக் குட்டிமேல் உயிர். நான் வாயைத் திறக்கவே இல்லை. அவன் லாயத்துக்குள் வந்தான், கறுப்பைத் திரும்பியும் பார்க்காமல் சாம்பல் குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அன்றைக்கு அழுதேன், வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. அவன் பின்னாலேயே வந்து என் முதுகைத் தடவினான். "எப்படிடா கண்டுபிடிக்கிறே?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம்கூட ஒளிக்கவில்லை. "எனக்கு எது நல்லதுன்னு தெரியாதுண்ணா. உனக்குத் தெரியும். அதான் உன் கண்ணு எங்கே போகுதுன்னு பார்ப்பேன்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கபடம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன், அன்றைக்கே அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பாசம்தான் இருந்தது. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவன் விஷயத்தில் அதுகூட இல்லை, என் வாய் ஊறினால் இவன் வயிறு பசிக்கும். இப்போது கஞ்சியைக் குடிக்கிறான். கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே இரண்டு கண்கள் தெரிகின்றன. நான் வலது பக்கத்து மண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு, பார்த்ததை மறைப்பவன்போல விரிசலுக்குப் போகிறேன். நன்றாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன்.

ஹெட்விக் என் பக்கத்தில் உட்கார்ந்து கருவாட்டில் முள் எடுக்கிறாள். என் மனைவி, இந்த நாட்டின் கோமகள். அவளுக்கு என் கண்ணைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும், அந்தக் கண்ணால்தான் அவள் இந்த வீட்டுக்கு வந்தாள். சகோதரிகள் இரண்டு பேரை எங்கள் இருவருக்கும் பேசி அழைத்து வந்திருந்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டே, "இளையவன் சொல்லட்டும்" என்றாள். நான் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரே ஒரு கணம் கண் கீழே இறங்கியது, இறங்கிய இடத்தில் தங்கைக்காரி நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவுதான். அவள் எக்பர்ட்டின் மனைவியாகி முதல் பிரசவத்திலேயே பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். மீந்தது ஹெட்விக். அவள் அன்றைக்கு என் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள், எல்லாம் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. போன வாரம்தான் சொன்னாள். நான் நாட்டை எப்படிப் பிரித்திருக்கிறேன் என்று சொல்லி முடித்ததும், "பிரிச்சது இருக்கட்டும், உங்க கண்ணை என்ன பண்ணப் போறீங்க? நான் இங்கே உட்கார்ந்திருக்கறதே அதாலதானே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, ஆக வேண்டிய காரியமாகச் சொன்னாள். மறுநாளிலிருந்து காலைப் பூசைக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் பயிற்சி. இரண்டு கிண்ணங்களை வைப்பாள், எதிரே உட்கார்ந்துகொள்வாள், எக்பர்ட் மாதிரியே தலையைச் சாய்த்துக்கொள்வாள். குதிரையைப் பற்றிப் பேசுவாள், மழையைப் பற்றிப் பேசுவாள், செத்துப்போன எங்கள் பையன்களைப் பற்றிக்கூடக் கல்லாட்டம் முகத்தை வைத்துக்கொண்டு பேசினாள், ஒரே பனிக்காலத்தில் காய்ச்சலில் போன பையன்கள். என் கண் அசையவில்லை. கடைசி நாள் அவள் கிண்ணங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, "போதும், பரவாயில்லை, இப்ப அவன் என்ன கேட்டாலும் தாங்குவீங்க" என்றாள். ஹெட்விக் ஒருவரைப் பாராட்டினால் இவ்வளவுதான் பாராட்டுவாள்.

விலாவுக்குக் கீழே இருப்பது கல் இல்லை. வைத்தியன் முதலில் கல் என்றான், கரைந்துவிடும் என்று கஷாயம் கொடுத்தான், பிறகு அழுத்திப் பார்த்துவிட்டுக் கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். அதிலேயே தெரிந்துகொண்டேன். அறுவடை வரை தாங்கினால் பெரிய காரியம். சாவது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, அப்பா செத்தார், அம்மா செத்தாள், சாவு எங்கள் குடும்பத்தில் நன்றாகப் பழகிய விருந்தாளி. ஆனால் நான் செத்த மறுநாள் என் மகள் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் சட்டம் ஒரே பதிலைத்தான் சொல்லும், சித்தப்பனுக்கு. தாய் இருந்தும் இல்லாத மாதிரிதான். போன கிறிஸ்துமஸ் விருந்தில் எக்பர்ட் குடித்துவிட்டு என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான்: "அண்ணா, எல்லையில டீட்மார் பிரபுவோட குதிரைப்படை நம்ம பக்கம் நின்னா ஒருத்தன் வாலாட்ட மாட்டான். கிழவனுக்கு மூணு பொண்டாட்டி போயாச்சு, நாலாவது தேடறான். நம்ம வீட்ல ஒரே ஒரு பொண்ணுதானே இருக்கு?" அந்த ஒரே ஒரு பெண் அப்போது அவன் மடியில் உட்கார்ந்து அவன் மோதிரங்களைக் கழற்றித் தன் விரலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. டீட்மாரை எனக்குத் தெரியும். அவன் மூன்றாவது மனைவியை அடக்கம் செய்தபோது நான் போயிருந்தேன், பெட்டி அவ்வளவு சின்னதாக இருந்தது, யாரோ குழந்தையின் பெட்டியை மாற்றி எடுத்து வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான் முடியாது என்றேன். எக்பர்ட் கோபிக்கவில்லை, "சரி, அப்ப நாட்டைப் பிரிச்சுக்கலாம், அவங்கவங்க எல்லையை அவங்கவங்க பார்த்துக்கலாம்" என்று சிரித்தான். பங்காளி பிரிவினை கேட்கும்போது சிரித்தால் பயப்பட வேண்டும். அந்த வாரமே பெண்ணை ஓக் காட்டுக்கு நடுவில் இருக்கும் கன்னியர் மடத்தில் கொண்டுபோய் விட்டோம். மடத்துக்குள் போனவளை வெளியே கொண்டுவர மடத்தின் காவலனால் மட்டும்தான் முடியும். காவல் நிலத்தோடு போகும், மடம் இருக்கும் நிலம் எவனுடையதோ அவன்தான் காவலன். நாடு பொதுவில் இருக்கிற வரை நாங்கள் இருவருமே காவலர்கள், நான் போனதும் அவன் மட்டும். ஆனால் பிரித்து அந்தப் பங்கு என் கைக்கு வந்துவிட்டால், நாளைக்கே காவலை மறைமாவட்ட ஆயரிடம் ஒப்படைத்துவிடுவேன், அதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம். ஆயர் பேராசைக்காரர்தான், ஆனால் வாங்கிய எதையும் இதுவரை திருப்பிக் கொடுத்ததில்லை, அந்தக் குணம் இப்போது எனக்கு வேண்டும். பிறகு எந்தச் சித்தப்பன் வந்து தட்டினாலும் கதவு திறக்காது. அவள் அங்கேயே பல் முளைத்து, பெரியவளாகி, கிழவியாகி, யாருடைய பெட்டிக்கும் அளவெடுக்கப்படாமல் தன் காலத்தில் சாவாள்.

அதனால்தான் இப்படிப் பிரித்தேன். வலது பக்கத்து மண் சால்ஸ்டாட்டிலிருந்து வந்தது, உப்பு காய்ச்சும் ஊர், அதோடு ஆற்றுச் சுங்கம், அதோடு திராட்சைத் தோட்டங்கள். எவனுக்கும் நாக்கில் நீர் ஊறும் பங்கு. இடது பக்கத்து மண் ஓக் காடு, பன்றி மேய்ப்பவர்கள், கூரை ஒழுகும் வேட்டைக் கோட்டை, காட்டு நடுவில் அந்த மடம். ரொம்பவும் தாராளம் காட்டினால் சந்தேகப்படுவான் என்று ஹெட்விக் சொன்னாள், அதனால் ஒரு மீன் குளத்தைக் காட்டுப் பங்கின் பக்கம் தள்ளினேன். கணக்கெல்லாம் சரிதான். சரியில்லாமல் போனது வெர்னர் சாமியால். எங்கள் அரண்மனைக் கோயில் குரு, நல்ல மனுஷர், நல்ல மனுஷர்கள் வாயை மூடுவதில்லை. மண் வெட்டிவர அவர்தான் போயிருந்தார். இன்று காலை பூசை முடிந்து வரும்போது என் பக்கத்தில் நடந்துகொண்டே, "காட்டுல எங்கேயும் மண்வெட்டி இறங்கலீங்க பிரபு, உறைஞ்சு கெடக்கு. மடத்துத் தோட்டத்துலதான் மண்ணு இளக்கமா இருந்துச்சு. உங்க குட்டி ஓடிவந்து, நான்தான் வெட்டுவேன்னு ஒரே பிடிவாதம். களைக்கொட்டு எடுத்துத் தானே வெட்டி, ரெண்டு கையாலும் அமுக்கி அமுக்கிக் கட்டியாக்கி என் கையில குடுத்துச்சு. எங்கப்பாவுக்குன்னு சொல்லிச்சு" என்றார். நான் நல்லது சாமி என்றேன். ரெண்டு கையாலும் அமுக்கி அமுக்கி. அப்படியானால் மண்ணில் விரல் பதிந்திருக்கும். ஈர மண், உறைபனியில் கொண்டுவந்தது, தடம் அழிந்திருக்காது. அது என் தட்டிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறது. சின்னச் சின்னக் குழியாக இருக்குமா, அல்லது இழுத்த மாதிரி கோடாக இருக்குமா? கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கும்? ஒரு முறை பார்த்துவிட்டால் போதும், பிறகு அறுவடை வரை பார்க்காமல் இருந்துவிடுவேன். பார்க்கக் கூடாது. மண் என்றால் மண், அவ்வளவுதான். பையன்களைப் புதைத்த இடத்திலும் இதே மண்தான், அதிலும் யாரோ கையால் அமுக்கிவிட்டார்கள். ஹெட்விக்கின் முழங்கை என் முழங்கையில் படுகிறது, தற்செயலாகப் பட்ட மாதிரி. நான் விரிசலைப் பார்க்கிறேன். விரிசல் உத்தரத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் வளைந்து கீழே வருகிறது, கீழே வந்து இடது பக்கம் திரும்புகிறது, இத்தனை வருஷமாக அது இடது பக்கம் திரும்புவதை நான் கவனித்ததே இல்லை, வழியிலேயே நிறுத்திக்கொண்டு திரும்பவும் மேலே ஏறுகிறேன். வேர்க்கிறது. அறையில் கணப்பு அதிகம்.

பணியாள் தட்டுகளை எடுக்க ஆரம்பித்துவிட்டான். வெர்னர் சாமி தொண்டையைச் செருமி, "இளைய பிரபு கை வைக்கலாம்" என்கிறார். எக்பர்ட் கையைத் துடைத்துக்கொள்கிறான். அவசரமே படவில்லை. நான் வலது பக்கத்து மண்ணைப் பார்க்கிறேன், ஆசைப்படுகிறவன் பார்ப்பதுபோல, ஆசையை விழுங்குகிறவன்போல. இந்த ஒரு வாரத்தில் இவ்வளவு நன்றாக எப்போதும் செய்ததில்லை. உப்பு, சுங்கம், திராட்சை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன், சொல்லச் சொல்ல உண்மையாகவே கொஞ்சம் ஆசை வந்துவிடும்போல இருக்கிறது. அவன் புருவம் மெல்ல ஏறுகிறது. அவன் கை மேசைமேல் வந்துவிட்டது. கை வலது பக்கம் நகர்கிறது, நகர்கிறது, ஹெட்விக் மூச்சை நிறுத்திவிட்டாள், எனக்குக் கேட்கிறது. மாதாவே, இன்னும் கொஞ்சம். கை நின்றது. ஏதோ ஞாபகம் வந்தவன்போல என்னை நிமிர்ந்து பார்த்தான், முகம் முழுக்கச் சிரிப்பு, வைக்கோலில் என் முதுகைத் தடவினானே, அதே முகம். "கேக்கணும்னு இருந்தேன்ணா. யூட்டாவுக்குப் பல்லு முளைச்சிடுச்சா?" என்றான்.

யூட்டா. மடத்து வாசலில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் ஹெட்விக் தாங்க மாட்டாள் என்று நான் சொல்லவில்லை, நான் தாங்க மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. குதிரையைச் சொன்னாள், மழையைச் சொன்னாள், செத்த பிள்ளைகளைப் பெயர் சொல்லிச் சொன்னாள், இந்த ஒரு பெயரை மட்டும் அவள் ஒரு காலையிலும் சொல்லிப் பயிற்சி கொடுக்கவில்லை. காதில் விழுந்ததும் எனக்கு எதுவும் தோன்றவில்லை, பயம்கூடத் தோன்றவில்லை. கூப்பிட்டால் திரும்புவோமே, அப்படித்தான் கண் திரும்பியது. நான் அதைத் திருப்பவில்லை. உடனே இழுத்துக்கொண்டேன். தடம் இருந்ததா என்று பார்க்கக்கூட நேரம் கொடுக்காமல் இழுத்துக்கொண்டேன்.

"முளைச்சிருக்கும்" என்று ஹெட்விக் சொன்னாள். எக்பர்ட் தலையை ஆட்டினான். சந்தோஷமாக ஆட்டினான், தெரிய வேண்டியது தெரிந்துவிட்ட சந்தோஷம். அவன் டீட்மாரை நினைத்தானா, அந்தக் குதிரைப்படையை நினைத்தானா, அல்லது வெறுமனே அண்ணன் ஆசைப்படுவது நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தானா, எனக்குத் தெரியவில்லை. சாகிற வரை தெரியப்போவதில்லை. "நீ பிரிச்சா சரியாத்தான் இருக்கும்ணா" என்றான். கை வந்த வழியே திரும்பி, உப்பையும் சுங்கத்தையும் தாண்டி, இடது பக்கம் போய் இறங்கியது. வெர்னர் சாமி ஆமென் என்றார். பணியாள் ஈரத்துணியோடு வந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தான். ஹெட்விக் முள் எடுத்து வைத்த கருவாட்டை என் தட்டில் தள்ளினாள். இனிமேல் பார்க்கலாம், தடையில்லை. திரும்பி, நிதானமாக, கண் கொண்ட மட்டும் இடது பக்கம் பார்த்தேன். அவன் கை பெரிய கை. மண்ணை முழுசாக மூடியிருந்தது.